ஐந்தா, ஆறா? டீசல் காரின் கியர் பெட்டி கடந்து வந்த பாதை

டீசல் காருக்கு ஐந்து கியர் பொருத்தமானதா, ஆறு கியர் பொருத்தமானதா என்ற விவாதம் கார் வாங்குவோர் மத்தியில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடந்து வருகிறது. ஆறு கியர் என்றால் எரிபொருள் மிச்சம், புதிய தொழில்நுட்பம் என்பது ஒரு சாராரின் வாதம். கை ஓயாமல் கியர் மாற்றுவதைத் தவிர அதனால் கண்ட பயன் ஏதுமில்லை என்பது மறுசாராரின் வாதம். இரு சாராரும் தத்தமது காரையும் தத்தமது வீதியையும் முன்வைத்தே பேசுகின்றனர். இந்த எண்ணிக்கை எப்போது கூடியது, எவர் கூட்டினர், எதற்காகக் கூட்டினர் என்று பின்னோக்கிப் பார்ப்போர் குறைவு. அவ்வாறு பார்க்கும்போது, இயந்திரத்தின் தேவை ஒரு காரணம் மட்டுமே என்பதும், எண்ணெய் விலை, அதிவேக நெடுஞ்சாலை, அரசாங்கங்களின் சோதனை விதிகள் ஆகிய மூன்றும் அதற்குக் குறையாத காரணங்களாக இருந்துள்ளன என்பதும் புலப்படும்.

கியர் எதற்கு?

இயந்திரவியல் கற்காத வாசகர்களுக்காக அடிப்படையை முதலில் சொல்லிவிடுவது நல்லது. எரிபொருளை எரித்து இயங்கும் எந்த இயந்திரமும் ஒரு குறிப்பிட்ட சுழற்சி எல்லைக்குள்தான் ஒழுங்காக உழைக்கும். சாதாரணப் பெற்றோல் கார் ஒன்றின் இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 சுழற்சிகளையும் தாண்டும். டீசல் இயந்திரமோ 4,500 அளவிலேயே களைத்துவிடும். டீசலில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகையாக அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் எரிபொருளைப் பீச்சித் தானாகவே பற்றவைக்கும் முறை அது. பீச்சப்பட்ட எரிபொருள் காற்றுடன் கலந்து எரிவதற்குச் சிறிது அவகாசம் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காக அதன் பாகங்களும் கனமாகச் செய்யப்படுகின்றன. ஆகவே அது வேகமாகச் சுழலாது. அதற்கு ஈடாக, குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவையைக் கொடுக்கும். இந்த இழுவையையே முறுக்குவிசை என்கிறோம்.

இயந்திரத்தின் சுழற்சி எல்லை குறுகியது. வீதியில் காரின் வேக எல்லை அகன்றது. நின்ற நிலையிலிருந்து 120 கிலோமீற்றர் வரை கார் ஓடவேண்டும். இந்த இரண்டுக்கும் இடையே பாலமாக நிற்பதே கியர் பெட்டி. கியர் வைத்த சைக்கிளில் மேடு ஏறியவர்களுக்கு இது விளங்கும். மேட்டில் கால் வேகமாகச் சுழலும், சைக்கிள் மெதுவாக ஏறும். சமவெளியில் கால் ஆறுதலாகச் சுழலும், சைக்கிள் விரைந்தோடும். மிதிக்கும் கால் ஒன்றுதான். அதன் வலுவை இடத்துக்கேற்ப மாற்றிக் கொடுப்பது பற்சக்கரம்.

இதிலிருந்து ஓர் உண்மை தானாகவே பிறக்கிறது. கால் பலமானவனுக்குக் கியர் குறைவாக இருந்தாலும் சமாளிப்பான். கால் பலவீனமானவனுக்கே கூடுதலான கியர்கள் தேவை. நாற்பது தொன் எடையுள்ள பாரவூர்திகளுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு கியர்கள் வரை வைக்கப்படுவதும் இதனால்தான். அவற்றின் எடையோடு ஒப்பிடும்போது அவற்றின் வலு சிறியது. கார்களின் வரலாற்றில் இந்த நியாயம் எவ்வாறு தலைகீழானது என்பதை இனிப் பார்ப்போம்.

நான்கு கியர்க் காலம்

பற்சக்கரங்களை நகர்த்தி ஒன்றோடொன்று பொருத்தும் கியர் பெட்டியை 1890களின் தொடக்கத்தில் காரில் அமைத்து வழிகாட்டியவர் பிரான்சின் எமில் லெவசோர். முரட்டுத்தனமானதுதான், ஆனாலும் வேலை செய்கிறது என்ற பொருள்பட அவரே தமது சாதனத்தைப் பற்றிச் சொன்னதாகக் கூறுவர். வெவ்வேறு வேகத்தில் சுழலும் பற்சக்கரங்களை மோதவிட்டுப் பொருத்துவது அக்காலச் சாரதிக்குத் தனிக்கலையாக இருந்தது. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கடிலாக் நிறுவனம், பற்கள் பொருந்துமுன் அவற்றின் வேகத்தைச் சமப்படுத்தும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் பின்னரே கியர் மாற்றுவது எல்லோருக்கும் கைவரக்கூடியதாயிற்று. கியர்களின் எண்ணிக்கையை மேலும் கூட்டுவது குறித்துக் கார் தயாரிப்பாளர்கள் துணிந்து சிந்திக்க முடிந்ததும் அதன் பின்னர்தான்.

ருடோல்ப் டீசல் தமது இயந்திரத்துக்கான உரிமத்துக்கு 1892இல் ஜேர்மனியில் விண்ணப்பித்தார். 1897இல் அவ்ஸ்பேர்க் நகரில் அந்த இயந்திரம் அதிகாரபூர்வமாகச் சோதிக்கப்பட்டபோது, எரிபொருளின் சக்தியில் 26 வீதத்தை அது வேலையாக மாற்றியது. அந்நாளைய நீராவி இயந்திரங்கள் நெருங்கவும் முடியாத அளவு அது. எனினும் அது கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும் உரிய பெரும் பாரமாகவே இருந்தது. 1913 செப்டெம்பரில் ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியைக் கடந்து இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்து டீசல் காணாமற்போனார். தமது இயந்திரம் ஒரு காரை ஓட்டுவதை அவர் காணவில்லை.

அதைக் காருக்குள் அடக்கி விற்பனைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் முதன்மையானது மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம். 1936இல் பேர்லின் கண்காட்சியில் அது வெளியிட்ட '260 டி' என்ற காரின் இயந்திரம் 2.6 லீற்றர் கொள்ளளவும் 45 குதிரைவலுவும் கொண்டது. 1940 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் கார்களே செய்யப்பட்டன. வாங்கியோரில் வாடகைக் கார் ஓட்டுவோர் கணிசமானோர். போருக்குப் பின்னர் 1954இல் வந்த '180 டி' காரின் வலு 40 குதிரைவலு மாத்திரமே. கியர்கள் நான்கு. அதனை மாற்றும் தண்டு, திசைமாற்றும் சக்கரத்தின் அருகே இருந்தது.

1976இல் வோக்ஸ்வாகன் நிறுவனம் கோல்ப் டீசல் காரை வெளியிட்டபோது டீசல் சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்கு வந்தது. 1.5 லீற்றர், 50 குதிரைவலு, நான்கு கியர். டீசல் கார் என்றால் மெதுவானது, புகை கக்குவது, இரைச்சலிடுவது, ஆனால் சிக்கனமானது என்ற பெயர் நிலைத்ததும் இக்காலத்தில்தான்.

மேலே சொன்ன நியாயத்தின்படி பார்த்தால், 40, 50 குதிரைவலு கொண்ட இந்தப் பலவீனமான இயந்திரங்களுக்கே ஆறு கியர்கள் கொடுத்திருக்க வேண்டும். கிடைத்தவை நான்குதான். கூடுதலான ஒவ்வொரு கியரும் கூடுதலான செலவு. சிக்கனத்துக்காக டீசல் வாங்குபவரிடம் அந்தச் செலவை ஏற்ற முடியாது என்பதே தயாரிப்பாளரின் கணக்கு. தேவைக்கும் கிடைத்ததற்கும் இடையிலான இந்த முரண் டீசல் காரின் வரலாறு முழுவதும் தொடர்வதைக் காணலாம்.

எண்ணெய் நெருக்கடி தந்த ஐந்தாவது கியர்

ஐந்து கியர் என்பது முதலில் வேகப் பிரியர்களுக்கு உரிய அலங்காரமாக இருந்தது. இத்தாலியின் அல்ஃபா ரோமியோ 1962இல் தனது ஜூலியா காருக்கு ஐந்து கியர் கொடுத்தது. 1969இல் பிரித்தானியாவின் ஒஸ்ரின் மக்ஸி என்ற குடும்பக் கார் ஐந்து கியருடன் வந்தது. கம்பிவடம் மூலம் இயங்கிய அதன் கியர்த் தண்டு படுத்திய பாடு பிரித்தானியரிடையே நீண்டகாலம் பேசப்பட்டது. இவையனைத்தும் பெற்றோல் கார்கள்.

ஐந்தாவது கியருக்குப் புதிய பொருளைக் கொடுத்தது 1973ஆம் ஆண்டின் அரபு எண்ணெய்த் தடை. அதைத் தொடர்ந்து 1979இல் ஈரானியப் புரட்சி எண்ணெய் விலையை மீண்டும் உயர்த்தியது. எரிபொருளை மிச்சப்படுத்துவது அரசாங்கங்களின் கொள்கையாயிற்று. 1981 அளவில் வோக்ஸ்வாகன் நிறுவனம் தனது கார்கள் சிலவற்றில் 'நான்கும் ஈயும்' என்ற கியர் பெட்டியை அறிமுகப்படுத்தியது. 'ஈ' என்ற எழுத்து சிக்கனத்தைக் குறித்தது. நான்கு கியர்களும் முன்பு போலவே இருக்க, ஐந்தாவதாக நீண்ட கியர் ஒன்று சேர்க்கப்பட்டது. கார் தனது உச்ச வேகத்தை எட்டுவது நான்காவது கியரில். ஐந்தாவது, எட்டிய வேகத்தை இயந்திரத்தின் குறைந்த சுழற்சியில் தக்கவைத்து ஓடுவதற்கு மாத்திரம். மேல் கியருக்கு மாற்ற வேண்டிய தருணத்தைச் சாரதிக்கு உணர்த்த ஒரு சிறு விளக்கும் பொருத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பர் முதல் கைக்கியர் கொண்ட புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்கிய கியர் காட்டியின் மூதாதை இந்த விளக்குதான்.

ஜப்பானிய நிறுவனங்களும் பின்தங்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் ஐந்து கியர் என்பதைக் காரின் பின்புறத்தில் உலோக எழுத்துகளில் பொறித்து விற்றார்கள். கியர் எண்ணிக்கை மதிப்பின் அடையாளமாகிவிட்டது. இலங்கையில் ஒரு தலைமுறை அறிந்த டீசல் காரும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. ஜப்பானில் பாவித்து, இங்கு மீள்சீரமைத்த வாகனமாக இறக்குமதியான ரொயொட்டா கொறொல்லா டீசல் காரின் இயந்திரம் 1,974 கன சென்ரிமீற்றர் கொண்டது, டேர்போ இல்லாதது, ஐந்து கியர் கொண்டது. வாடகைக்கும் குடும்பத்துக்கும் ஒருங்கே உழைத்த அந்தக் காருக்கு ஆறாவது கியர் இல்லையே என்று எவரும் வருந்தியதில்லை. ஏன் வருந்தவில்லை என்பதற்கான விடை அடுத்த பகுதியில் உள்ளது.

டேர்போ மாற்றிய கணக்கு

டேர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றி, இயந்திரத்துக்குள் கூடுதலான காற்றைத் திணிக்கும் சாதனம். 1978இல் மேர்சிடிஸ் பென்ஸ் தனது '300 எஸ்.டி.' காரின் மூலம் டேர்போ டீசலை வழமையான கார்ச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1989இல் பிராங்போட் கண்காட்சியில் அவுடி நிறுவனம் காட்டிய '100 டி.டி.ஐ.' என்ற கார் மற்றொரு திருப்பம். 2.5 லீற்றர், ஐந்து உருளைகள், 120 குதிரைவலு, 265 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. எரிபொருளை எரியறைக்குள் நேரடியாகப் பீச்சி, அதனை மின்னணு முறையில் கட்டுப்படுத்திய டேர்போ டீசல் அது. 1997இல் அல்ஃபா ரோமியோ 156 காரில் உயர் அழுத்தப் பொதுக்குழாய் முறை வந்தது. 2000ஆம் ஆண்டளவில் 1.9 லீற்றர் கொண்ட கோல்ப் டீசல் 150 குதிரைவலுவையும் 320 நியூட்டன் மீற்றரையும் எட்டியது. 1976இன் கோல்ப் டீசலைப்போல் மூன்று மடங்கு வலு! அதற்குக் கொடுக்கப்பட்டதே ஆறு கியர்.

டேர்போ இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. குறைந்த சுழற்சியில் புகையின் வேகம் போதாமையால் காற்றாடி சோம்பிக் கிடக்கும். 1,800 சுழற்சி அளவில் விழித்துக்கொள்ளும். அதற்குக் கீழே கார் மந்தம். அதற்கு மேலே பாய்ச்சல். எனவே மேல் கியருக்கு மாற்றும்போது இயந்திரத்தின் சுழற்சி அந்த எல்லைக்குக் கீழே விழாதிருப்பது முக்கியமாகிறது.

இதனை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு காரின் முதலாம் கியருக்கும் இறுதிக் கியருக்கும் இடையிலான விகிதம் ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கியர்ப் பெட்டியில் அந்தத் தூரத்தை நான்கு படிகளில் கடக்க வேண்டும். ஒவ்வொரு படியும் சமமானால் அது ஒன்றரை மடங்கு அளவாகும். 2,500 சுழற்சியில் கியரை மாற்றினால் இயந்திரம் 1,670 அளவுக்கு இறங்கும். டேர்போ உறங்கிவிடும். அதே ஐந்து மடங்கை ஆறு கியரில் ஐந்து படிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு படியும் 1.38 மடங்கு. அதே 2,500இல் மாற்றினால் 1,810இல் நிற்கும். டேர்போ விழித்திருக்கும். இழுவை அறுபடாது. கால் மிதித்தவுடன் கார் பதில் சொல்லும்.

டேர்போ இல்லாத பழைய கொறொல்லாவில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. 1,670 சுழற்சியிலும் 1,810 சுழற்சியிலும் அதன் இழுவை ஏறத்தாழ ஒன்றே. ஐந்து கியர் அதற்குப் போதுமானதாக இருந்தமைக்குக் காரணம் இதுதான்.

ஆறாவது கியரை வேறொரு விதமாகவும் பயன்படுத்தலாம். படிகளை நெருக்காமல், இறுதிக் கியரை மேலும் நீட்டலாம். ஐந்தாவது கியரில் 120 கிலோமீற்றர் வேகத்தில் 3,000 சுழற்சி சுழலும் இயந்திரம், ஐந்திலொரு பங்கு நீண்ட ஆறாவது கியரில் 2,500 சுழற்சியோடு அதே வேகத்தில் ஓடும். இரைச்சல் குறையும். எரிபொருளும் ஓரளவு மிச்சமாகும். ஆகவே ஆறு கியர் என்ற ஒரே பெயருக்குள் இரு வேறு கருத்துகள் ஒளிந்துள்ளன. ஒன்று நெருக்கமான படிகள். மற்றது நீண்ட இறுதிக் கியர். சில கார்களில் முதலாவது இருக்கும். சிலவற்றில் இரண்டாவது இருக்கும். பலவற்றில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்திருக்கும். கியர்த் தண்டின் குமிழில் பொறித்த எண் இவற்றுள் எது என்பதைச் சொல்வதில்லை.

சோதனைச் சாலையின் பங்கு

இயந்திரத்தின் நியாயம் இதுவரை. இனி அரசியலின் நியாயம்.

இதற்கான முன்னோட்டம் அமெரிக்காவில், ஒரு பெற்றோல் காரில் நிகழ்ந்தது. 1989ஆம் ஆண்டுக்கான கோர்வெற் என்ற பந்தயப் பாணிக் காருக்கு ஆறு கியர் கொடுத்தார்கள். மென்மையாக ஓட்டும்போது முதலாம் கியரிலிருந்து இரண்டுக்குச் செல்லவிடாமல் தடுத்து, நேரே நான்காவது கியருக்குள் தள்ளும் பொறியொன்றையும் அதில் வைத்தார்கள். அரசாங்கத்தின் எரிபொருள் சோதனையில் நல்ல பெறுபேறு பெறுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆறு கியர் வாங்கியவர் இரண்டையும் மூன்றையும் இழந்து ஓட்டிய வேடிக்கை!

ஐரோப்பாவில் நடந்தது இதைவிட நுட்பமானது. புதிய கார்களின் எரிபொருள் பாவனையையும் புகையையும் அளக்க 'புதிய ஐரோப்பிய ஓட்டச் சுற்று' என்ற சோதனை நடைமுறையில் இருந்தது. உருளைகளின் மேல் காரை நிறுத்தி, 1,180 செக்கன்களில் 11 கிலோமீற்றர் ஓடச்செய்வது அச்சோதனை. அதன் உச்ச வேகமான 120 கிலோமீற்றரில் கார் நிலையாக ஓடியது பத்துச் செக்கன் மட்டுமே. கைக்கியர் கார்களில் எந்த வேகத்தில் எந்தக் கியர் என்பதையும் விதியே நிர்ணயித்தது. புறநகர்ப் பகுதியில் 15 கிலோமீற்றரில் இரண்டாவது, 35இல் மூன்றாவது, 50இல் நான்காவது, 70இல் ஐந்தாவது. நகரப் பகுதியில் மூன்றாவது கியருக்கு மேல் செல்வதே கிடையாது. சாரதியின் விருப்பத்துக்கோ இயந்திரத்தின் இயல்புக்கோ இங்கு இடமில்லை.

ஆனால் அந்த விதிக்கு ஓர் அடிக்குறிப்பு இருந்தது. ஐந்துக்கு மேற்பட்ட கியர்கள் கொண்ட காரானால், மேலதிகக் கியர்களைத் தயாரிப்பாளரின் பரிந்துரைப்படி பயன்படுத்தலாம் என்பதே அது. ஐந்து கியர்க் கார் செய்தவருக்கு விதி மட்டும். ஆறு கியர்க் கார் செய்தவருக்கு விதியோடு சலுகையும்.

இந்தச் சலுகையின் பெறுமதியை உணர, அக்காலத்து வரிக்கொள்கையையும் பார்க்க வேண்டும். 1998இல் ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கம், புதிய கார்கள் வெளியிடும் கரியமில வாயுவின் சராசரியை 2008க்குள் கிலோமீற்றருக்கு 140 கிராமாகக் குறைப்பதாகத் தானாகவே வாக்களித்தது. அந்த வாக்கு நிறைவேறவில்லை. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் 130 கிராம் என்ற எல்லையைச் சட்டமாக்கியது. 2001 முதல் பிரித்தானியா புதிய கார்களின் வருடாந்த வரியைக் கரியமில வாயுவின் அளவைக் கொண்டு விதித்தது. 2008இல் பிரான்ஸ், குறைவாக வெளியிடும் காருக்கு வெகுமதியும் கூடுதலாக வெளியிடும் காருக்கு அபராதமும் கொண்டுவந்தது. சோதனையில் ஓரிரண்டு கிராம் குறைந்தாலே கார் ஒரு வரிப்படி கீழிறங்கக்கூடும். வாங்குபவருக்கு ஆண்டுதோறும் பணம் மிச்சமாகும். சோதனைச் சாலையில் சில கிராம்களைக் கரைக்கும் வழியாக நீண்ட இறுதிக் கியர் பயன்பட்டதில் வியப்பில்லை. 1990இல் மேற்கு ஐரோப்பாவில் விற்பனையான புதிய கார்களில் ஏழில் ஒன்றே டீசல். 2011இல் அது பாதிக்கும் மேலாக இருந்தது. ஆறு கியர் அந்த அலையோடு சேர்ந்தே பரவியது.

இதே காலத்தில், ஆறு கியர் சிக்கனத்துக்கு இன்றியமையாதது என்ற எண்ணத்துக்கு எதிரான சாட்சியும் ஒன்று இருந்தது. 1999இல் வோக்ஸ்வாகன் வெளியிட்ட லூப்போ '3 எல்' என்ற சிறு கார், 100 கிலோமீற்றருக்கு மூன்று லீற்றர் டீசல் போதும் என்ற இலக்கோடு செய்யப்பட்டது. மூன்று உருளைகள், 1.2 லீற்றர், 61 குதிரைவலு. 2000ஆம் ஆண்டில் உலகைச் சுற்றிய 33,333 கிலோமீற்றர் பயணத்தை இக்கார் 80 நாட்களில் முடித்தது; சராசரிப் பாவனை 100 கிலோமீற்றருக்கு 2.38 லீற்றர். அதன் கியர்கள் ஐந்து! கிளச்சையும் கியரையும் கணினி இயக்கியது. எடை 830 கிலோகிராம் அளவே. சிக்கனம் வந்தது எடைக் குறைவாலும், காற்றைக் கிழித்துச் செல்லும் உருவத்தாலும், கியரை உரிய வேளையில் மாற்றிய அறிவாலும். எண்ணிக்கை அங்கு பொருட்டாகவில்லை.

கிழக்கில் ஒரு பரீட்சை

ஒரே இயந்திரத்தை ஐந்து கியரோடும் ஆறு கியரோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அரிது. இந்தியாவில் அப்படியொன்று நிகழ்ந்தது. 2013இல் ஹொண்டா நிறுவனம் அங்கு வெளியிட்ட அமேஸ் காரின் 1.5 லீற்றர் டீசல் இயந்திரம் 100 குதிரைவலுவும் 200 நியூட்டன் மீற்றரும் கொண்டது, கியர் ஐந்து. 2014இல் அதே வலுவும் முறுக்குவிசையும் கொண்ட 1.5 லீற்றர் டீசலை நிறுவனம் சிட்டி காரில் வைத்தது, கியர் ஆறு. அதிகாரபூர்வச் சோதனையில் அமேஸ் லீற்றருக்கு 25.8 கிலோமீற்றரும், சிட்டி 26 கிலோமீற்றரும் ஓடின. சிட்டி நீளத்திலும் எடையிலும் பெரியது. பெரிய கார் சிறிய காருக்குச் சமமாக ஓடியதில் ஆறாவது கியருக்கும் பங்கிருக்கலாம். ஆயினும் இந்தியச் சோதனையின் உச்ச வேகம் 90 கிலோமீற்றர்தான். நகர நெரிசலில் மூன்றாவது கியரைத் தாண்டாத ஒருவருக்கு, ஆறாவது கியர் கொள்வனவு செய்தபோது கொடுத்த பணத்தில் மட்டுமே இருக்கும்.

இலங்கையிலும் இதே நிலைதான். நகருக்கு வெளியே சாதாரண வீதிகளில் கார்களுக்கான வேக எல்லை 70 கிலோமீற்றர். ஆறாவது கியரில் இயந்திரத்தின் 1,000 சுழற்சிக்கு 55 கிலோமீற்றர் ஓடும் ஐரோப்பிய டீசல் கார் ஒன்றை எடுத்துக்கொண்டால், 70 கிலோமீற்றரில் அதன் இயந்திரம் 1,270 சுழற்சியில் நிற்கும். டேர்போ விழிக்காத இடம் அது. எதிரே ஒரு மேடு வந்தால் கார் நடுங்கும். சாரதி ஐந்துக்கோ நான்குக்கோ இறங்க வேண்டும். 2011 நவம்பர் 27ஆம் திகதி கொட்டாவையிலிருந்து காலி வரையான தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டு, 100 கிலோமீற்றர் வேகம் அனுமதிக்கப்படும் வரை, நீண்ட ஆறாவது கியருக்கு இந்த நாட்டில் ஓட இடமிருக்கவில்லை. ஜேர்மனியின் அதிவேகப் பாதையில் வாழும் உறவினரின் அனுபவத்தை வைத்துக் கண்டி வீதியில் ஓடும் காருக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

திரை விலகியபோது

2015 செப்டெம்பர் 18ஆம் திகதி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. வோக்ஸ்வாகன் டீசல் கார்கள் சோதனை நடப்பதைத் தாமே உணர்ந்து, அவ்வேளை மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும்படி மென்பொருள் மூலம் அமைக்கப்பட்டிருந்தன என்பது அம்பலமாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் வாகனங்களில் அந்த மென்பொருள் இருந்தது. வீதியில் அவை கக்கிய நைதரசன் ஒட்சைட்டுகளைச் சுவாசித்தவர்கள் நகரங்களில் வாழ்ந்த சாதாரண மக்கள்.

ஆறாவது கியர் அத்தகைய மோசடியன்று. சட்டம் அனுமதித்த வழி. ஆனால் இரண்டும் ஒரே சூழலில் விளைந்தவை என்பதை மறுக்க முடியாது. வீதியில் ஓடும் காரைவிடச் சோதனைச் சாலையில் ஓடும் கார் முக்கியமான சூழல் அது. 2017 செப்டெம்பரில் பழைய சோதனைக்குப் பதிலாகப் புதிய உலகளாவிய சோதனை முறை ஐரோப்பாவில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அதில் கியர் மாற்றும் தருணம் ஒவ்வொரு காரின் வலுவையும் எடையையும் கொண்டு தனித்தனியே கணிக்கப்படுகிறது. அடிக்குறிப்புச் சலுகை முடிவுக்கு வந்தது. டீசலின் செல்வாக்கும் சரிந்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையான புதிய கார்களில் டீசல் சுமார் 12 வீதம் மட்டுமே. இந்தியாவில் மாருதி சுசுக்கி 2020 ஏப்ரலிலும், ஹொண்டா 2023இலும் டீசலைக் கைவிட்டன. எஞ்சிய டீசல் கார்களிலும் ஏழு, எட்டுக் கியர்களைக் கணினியே மாற்றிக்கொள்ளும் பெட்டிகள் பெருகிவிட்டன.

அப்படியானால் விடை என்ன?

புதிய கார்ச் சந்தையில் டீசல் அருகினாலும் பழைய டீசல் கார்கள் உலகெங்கும் இன்னும் கைமாறுகின்றன. எம்மவர்களும் வாங்குகின்றனர். எனவே கேள்வி உயிரோடுதான் இருக்கிறது.

டேர்போ இல்லாத பழைய டீசலுக்கும், நகரத்துக்குள்ளும் சாதாரண வீதிகளிலும் ஓடும் சிறிய டீசலுக்கும் ஐந்து கியர் போதும். அதில் குறையொன்றுமில்லை. பழுது பார்க்கும் செலவைக் கருதினாலும், பாகம் குறைந்த பெட்டியே நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது. நாள்தோறும் அதிவேக நெடுஞ்சாலையில் 100, 120 கிலோமீற்றரில் நெடுந்தூரம் ஓடுபவருக்கு, டேர்போ டீசலோடு ஆறு கியர் உண்மையான பயன் தரும். காதுக்கு அமைதி, பணப்பைக்கு ஆறுதல். மலைநாட்டு வீதிகளில் ஓடுபவர், படிகள் நெருக்கமான ஆறு கியர் கிடைத்தால் மகிழலாம். இறுதிக் கியர் மட்டும் நீண்ட ஆறு கியரால் அவருக்குப் பயனில்லை.

கார் பார்க்கச் செல்பவர் கேட்க வேண்டிய கேள்வி, கியர் எத்தனை என்பதற்கு அடுத்த கேள்வியாகும். இறுதிக் கியரில் 1,000 சுழற்சிக்கு இந்தக் கார் எத்தனை கிலோமீற்றர் ஓடும்? விற்பவருக்குத் தெரியாவிட்டால், ஓட்டிப் பார்க்கும்போது வேகமானியையும் சுழற்சிமானியையும் ஒருசேரப் பார்த்து எவரும் ஒரு நிமிடத்தில் கணித்துவிடலாம். தாம் அன்றாடம் ஓடும் வேகத்தில் இயந்திரம் 1,800 சுழற்சிக்குக் கீழே விழுமானால், அந்தக் கடைசிக் கியர் தமக்காகச் செய்யப்பட்டதல்ல என்று தெரிந்துகொள்ளலாம்.

1954இன் 40 குதிரைவலு டீசலுக்குக் கூடுதலான கியர்கள் தேவைப்பட்டன, கொடுக்கப்படவில்லை. 2000இன் 150 குதிரைவலு டீசல் குறைந்த கியர்களோடும் சமாளித்திருக்கும். அதற்கோ ஆறு கொடுக்கப்பட்டது. தேவையுள்ளவனுக்குக் கிட்டாததும் வசதியுள்ளவனைத் தேடி வருவதும் உலகில் புதிதல்ல. கியர் பெட்டியும் அதற்கு விலக்காகவில்லை என்பதே இந்த வரலாறு சொல்லும் செய்தி.